ஃபைட்டர் ஆடியவர் ஏன் பேச்சைக் குறைத்தார்? ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மேசையில் விசேஷமாக எதுவும் இல்லை. கதையை நடத்தும் ஒரு கேம் மாஸ்டர், ஆளுக்கொரு கேரக்டரை ஆடும் நான்கு ஆட்டக்காரர்கள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். பார்ட்டியில், அதாவது கேரக்டர்களின் குழுவில், மந்திரம் போடும் விசார்ட், வாள் வீசும் ஃபைட்டர், தந்திரக்கார ரோக், குணமாக்கும் கிளெரிக் என்று பாடப்புத்தகம் மாதிரி ஒருவர் ஒருவர். லெவல் 1-இல் தொடங்கிய கேம்பெய்ன் (பல செஷன்களாக நீளும் கதை) லெவல் 7-க்கு வந்திருந்தது. ஆடுபவர்களின் பெயர் இங்கே தேவைப்படாது. விசார்ட் ஆடுபவர், ஃபைட்டர் ஆடுபவர் என்றே எழுதுகிறேன்.

கேம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டது ஒரு புகாருக்காக. ஃபைட்டர் ஆடுபவர் சண்டை வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்கிறார், மற்ற நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டொரு செஷனுக்கு வரவும் இல்லை. கேட்டதற்கு, "நான் வரலைன்னாலும் கதை நடக்கத்தானே போகுது" என்றாராம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னதுதான் கேம் மாஸ்டரைக் கலங்கடித்திருக்கிறது.

நான் போவதற்கு முன்பே அவர் மூன்று வைத்தியம் பார்த்திருந்தார். முதலில், ஃபைட்டருக்கு ஒரு +2 மந்திரப் பெருவாள் புதையலில் கிடைக்கும்படி செய்தார். அடுத்து, ஸ்பெல்லுக்கு எதிரான சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் டைஸில்) அட்வான்டேஜ் (இரண்டு உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை) உள்ள அரக்கர்களாகப் பார்த்துக் களத்தில் இறக்கினார். மூன்றாவதாக, விசார்ட் ஆடுபவரைத் தனியாக அழைத்து, கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொன்னார். வாள் வந்தபிறகு ஃபைட்டர் இன்னும் பலமாக வெட்டினார், ஆனால் போன் கீழே போகவில்லை. அரக்கர்கள் வந்ததும் விசார்ட், சேவிங் த்ரோ கேட்காத ஸ்பெல்களுக்கு மாறிக்கொண்டார். அடக்கி வாசிக்கச் சொன்னதுதான் மிக மோசம். அதற்குப் பிறகு மேசையில் இரண்டு பேர் மௌனமாக இருந்தார்கள்.

எல்லோரும் சுட்டிக்காட்டிய காரணம் ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் இவர்கள் எபிலிட்டி எண்களை (பலம், அறிவு போன்றவற்றின் அளவுகளை) டைஸ் உருட்டி எடுத்திருந்தார்கள்: நான்கு டி6 (ஆறு முக டைஸ்) உருட்டி, சிறியதைக் கழித்துவிடும் முறை. விசார்டுக்கு ஒரு 18 விழுந்தது. ஃபைட்டருக்கு விழுந்ததில் பெரியது 14. "அன்றைக்கே முடிந்துவிட்டது" என்று ரோக் ஆடுபவர் சிரித்தார். ஆனால் லெவல் 7-இல் கணக்கைப் பாருங்கள். ஃபைட்டரின் ஸ்ட்ரெங்த் இன வழியாகவும் லெவல் வழியாகவும் ஏறி 18 ஆகிவிட்டது, அதாவது டைஸில் விழுவதோடு +4 சேரும். விசார்டின் இன்டெலிஜென்ஸ் 20, அதாவது +5. இடையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. டி20-இல் ஒரு புள்ளி என்றால் 5 சதவீதம். ஒரு மனிதரைப் போனுக்குள் தள்ள இந்த 5 சதவீதம் போதாது. டைஸ் மீது பழி போடுவது வசதியானது, ஏனென்றால் டைஸ் வருத்தப்படாது.

இரண்டு பத்தி நோட்டு

சில செஷன்களில் ஓரமாக உட்கார்ந்து, ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டு எழுதினேன். முதல் பத்தியில், யார் எவ்வளவு டேமேஜ் கொடுத்தார்கள். இரண்டாவதில், பார்ட்டியின் எதிரே வந்த ஒவ்வொரு சிக்கலும் யாருடைய முடிவால் தீர்ந்தது.

முதல் பத்தி யாரும் எதிர்பார்க்காதபடி இருந்தது. ஒரே எதிரியை அடிப்பதில் ஃபைட்டர்தான் முன்னால் இருந்தார். விதிப்படியே அது அப்படித்தான் வரவேண்டும். அந்தப் பெருவாளின் ஒரு வெட்டு சராசரியாக 13. லெவல் 5 முதல் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, இரண்டும் பட்டால் 26. ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரு தடவை கூடுதலாகச் செயல்படும் சலுகை) சேர்த்தால் 52. விசார்டின் ஃபயர்பால் ஸ்பெல் 8 டி6, சராசரி 28, எதிரி சேவிங் த்ரோவில் தப்பினால் அதிலும் பாதி. கூட்டமாக நிற்கும் சின்ன எதிரிகளை விசார்ட் ஒரே வீச்சில் முடித்துவிடுவார் என்பது சரி. ஆனால் தலைவனை வீழ்த்துவது பெரும்பாலும் ஃபைட்டர்தான். டேமேஜ்தான் பிரச்சினை என்றால் இந்த மேசையில் பிரச்சினையே இல்லை. அதனால்தான் +2 வாள் வேலை செய்யவில்லை. ஏற்கெனவே நிறைந்திருந்த குடத்தில்தான் அவர் தண்ணீர் ஊற்றினார்.

இரண்டாவது பத்தியில் ஏறக்குறைய எல்லா வரியிலும் விசார்ட் இருந்தார். பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டுமா? ஃப்ளை ஸ்பெல் போட்டுக் கயிற்றோடு பறந்து போவார். பூட்டிய கதவா? பூட்டைத் திறக்கும் நாக் ஸ்பெல். கோட்டைக்குள் எத்தனை காவலர்கள் என்று தெரியவேண்டுமா? லெவல் 7-இல் ஆர்க்கேன் ஐ வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணை உள்ளே அனுப்பிவிடுவார். பிடிபட்டவன் வாய் திறக்க மறுக்கிறானா? சஜெஷன். இரவு எங்கே தங்குவது? டைனி ஹட்.

இதில் ஃபைட்டரைவிட அதிகம் இழந்தவர் ரோக். பூட்டுத் திறப்பது, ஒளிந்துபோய் உளவு பார்ப்பது, ஏமாற்றிப் பேசுவது என்று அவர் கேரக்டரின் பிழைப்பே அதுதான். அத்தனையும் போயிருந்தது. ஆனால் அவர் கலகலப்பானவர், பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வைத்தே செஷனை ஓட்டிவிடுவார். புகார் சொல்லாததால் அவர் நன்றாக இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு மேசையில் சமநிலை குலைந்திருக்கிறதா என்று பார்க்கப் புகார் சொல்பவரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

அதே நோட்டில் இன்னொன்றும் தென்பட்டது. கேம் மாஸ்டர் யாரிடம் டைஸ் கேட்கிறார் என்பது. ஃபைட்டர் ஒரு பிளவைத் தாண்டப் போனால், "அத்லெடிக்ஸ் உருட்டு, 15 வேண்டும்" என்பார். ஃபைட்டருக்குப் பயிற்சியும் சேர்த்து +7. எட்டோ அதற்கு மேலோ விழவேண்டும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. மூன்று தடவைக்கு ஒரு தடவை அந்த மாவீரர் குழியில் விழுவார், எல்லோரும் சிரிப்பார்கள். விசார்ட் ஃப்ளை என்றால் டைஸே கிடையாது. விதியில் பறக்கும் என்று எழுதியிருக்கிறது, பறக்கிறார். ஒருவர் ஒவ்வொரு தடவையும் தன் திறமையை நிரூபிக்க வேண்டியிருந்தது, இன்னொருவர் அறிவித்தால் போதுமானதாக இருந்தது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. ஸ்பெல்களுக்குப் பலன் வரிவரியாக அச்சில் இருக்கிறது, உடல்பலத்துக்கு இல்லை. அச்சில் இல்லாத இடத்தில் கேம் மாஸ்டரின் கை தன்னால் டைஸைத் தேடுகிறது.

ஒரு நாளைக்கு ஒரு சண்டை

அப்படியானால் விசார்ட் ஸ்பெல்களை இவ்வளவு தாராளமாக எப்படிச் செலவழிக்க முடிந்தது? இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வருகிறது.

2014-ஆம் ஆண்டின் டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு சாகச நாளில் நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரு பார்ட்டியால் தாங்க முடியும் என்று கணக்குப் போடுகிறது. நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (குட்டி ஓய்வு) தேவைப்படும் என்கிறது. கிளாஸ்களுக்குள் இருக்கும் சமநிலை பெருமளவு இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. விசார்டின் ஸ்லாட்கள் (ஸ்பெல் போடக் கிடைக்கும் தடவைகள்) லாங் ரெஸ்ட்டில்தான் (ஓர் இரவு ஓய்வில்) திரும்பும், ஆர்க்கேன் ரெக்கவரி என்ற சலுகையில் மீள்கிற சிலவற்றைத் தவிர. ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜும் செகண்ட் விண்டும் (கொஞ்சம் உயிர்ப்புள்ளியை மீட்கும் சலுகை) ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பிவிடும். நாள் நீண்டால் விசார்ட் கஞ்சனாக வேண்டும், ஃபைட்டர் புதுத் தெம்போடு எழுந்து வருவார்.

இந்த மேசையில் நாள் நீளவே இல்லை. கதை பயணமும் பேச்சும் நிறைந்த கதை. சண்டை வந்தால் ஒன்று வரும், பெரியதாக வரும், முடிந்ததும் தூக்கம். லெவல் 7 விசார்டுக்கு 11 ஸ்லாட்: முதல் நிலையில் நான்கு, இரண்டாம் நிலையில் மூன்று, மூன்றாம் நிலையில் மூன்று, நான்காம் நிலையில் ஒன்று. ஒரே சண்டை நான்கு ரவுண்ட் போகும் என்று வைத்துக்கொண்டால், மேல் நிலையிலுள்ள நான்கையும் அதில் கொட்டிவிடலாம். மிச்சம் ஏழு ஸ்லாட்டும் கதவுக்கும் கைதிக்கும் தாராளம். காலையில் எல்லாம் திரும்பிவிடும். அப்புறம் எதற்குச் சிக்கனம்? ஃபைட்டருக்கோ ஆக்‌ஷன் சர்ஜ் நாளைக்கு ஒரு தடவைதான் பயன்பட்டது. மூன்று தடவை கிடைக்க வேண்டியது ஒரு தடவை கிடைத்தது என்றால் அவர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிடித்தம்.

இதற்கு மேல் டைனி ஹட். எட்டு மணி நேரம் நிற்கும் குடில், ரிச்சுவலாக, அதாவது மெதுவாகச் சடங்குபோல் போட்டால் ஸ்லாட்கூடச் செலவாகாது. நடுக்காட்டில், எதிரி நாட்டில், எங்கே வேண்டுமானாலும் நிம்மதியான லாங் ரெஸ்ட். ஆட்டக்காரர்கள் பதினைந்து நிமிட நாள் என்று கிண்டல் செய்வது இதைத்தான். விசார்ட் ஆடுபவர் எந்த விதியையும் மீறவில்லை. காலண்டரே அவருக்குச் சாதகமாக அச்சடிக்கப்பட்டிருந்தது, அச்சடித்தவர் கேம் மாஸ்டர்.

மற்ற ஆட்டங்கள் இதை எப்படிப் பார்த்தன

மேசையில் பேசுவதற்கு முன் கேம் மாஸ்டருக்குக் கொஞ்சம் பழைய கதை சொன்னேன். எல்லோரும் சமபலத்தோடு இருப்பதுதான் ஒரே வழி என்ற எண்ணத்தில் அவர் இருந்தார்.

1974-இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே மந்திரவாதி கடைசியில் மற்றவர்களைத் தாண்டிப் போவார் என்பது தெரிந்த விஷயம். அதற்கு விலையும் வைத்திருந்தார்கள். லெவல் 2-ஐத் தொட ஃபைட்டருக்கு 2000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2500; 1975-இல் கிரேஹாக் துணைநூலில் சேர்ந்த திருடருக்கு 1200-தான். முதல் லெவலில் ஒரே ஒரு ஸ்பெல், ஓர் அடியில் சாகும் உடம்பு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணையைக் கொடுத்தது. கணக்கு எளிதானது, ஆனால் விசார்ட் கட்டிவந்த வரிகளில் ஒன்று தள்ளுபடியானது. 2008-இன் நான்காம் பதிப்பு எதிர்த் திசையில் போய், ஃபைட்டர், விசார்ட் இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த பவர்களைக் கொடுத்தது. சமநிலை வந்தது. கூடவே எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற புலம்பலும் வந்தது.

வேறு ஆட்டங்கள் ஏற்றத்தாழ்வை ஒளிக்கவே இல்லை. 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிக்காவில் மந்திரவாதிகளுக்கு நிகராக யாருமே கிடையாது. ஆனால் அவர்களைச் சுற்றித் துணையாட்களும் வேலைக்காரக் காவலர்களும் உண்டு, ஆட்டக்காரர்கள் மாற்றி மாற்றி எல்லா வகையிலும் ஆடுவார்கள். இன்றைக்கு நீ மந்திரவாதி, நாளைக்கு நான். 2002-இல் வந்த பஃபி த வாம்பயர் ஸ்லேயர் ஆட்டம் இன்னும் நேரடி: பலசாலி ஹீரோவுக்கு 10 டிராமா பாயிண்ட், சாதாரண நண்பர்களுக்கு 20. உடம்பில் பலம் இல்லாதவருக்குக் கதையில் பலம்.

கேம் மாஸ்டருக்குப் பிடித்தது இந்தக் கடைசி யோசனைதான்.

பேச்சு, பிறகு மாற்றம்

டைஸ் இல்லாமல் ஒரு செஷன் முழுக்கப் பேசினார்கள். கேள்வி ஒன்றுதான்: "எந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் உன் கேரக்டரைத் திரும்பிப் பார்க்கணும்?" பலம் போதுமா என்று கேட்டிருந்தால் ஃபைட்டர் ஆடுபவர் போதும் என்றுதான் சொல்லியிருப்பார். இந்தக் கேள்விக்கு வந்த பதில் வேறு. அவர் கேரக்டர் பழைய படைத்தளபதி. பின்கதையில் நூறு பேரை வழிநடத்தியவர். விளையாட்டில் இதுவரை ஒருவரைக்கூட வழிநடத்தியதில்லை. மந்திரப் பொருள் எதுவும் அவருக்கு வேண்டாம், தன் பேச்சை நாலு பேர் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

விசார்ட் ஆடுபவர் சொன்னதும் பதிவு செய்ய வேண்டியது. கேம் மாஸ்டர் ஒரு சிக்கலை வைத்துவிட்டு மேசையைப் பார்ப்பார், யாரும் பேசமாட்டார்கள், அந்த அமைதி பொறுக்காமல்தான் தான் ஸ்பெல்லைச் சொல்வதாகச் சொன்னார். உதவுகிறோம் என்றே நினைத்திருக்கிறார். அவர் விதிகளை விழுந்து விழுந்து படிப்பவர். ஃபைட்டர் ஆடுபவர் எடுத்திருந்தது சாம்பியன் வகை: 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல் (கூடுதல் டேமேஜ்) என்பது போன்ற, யோசிக்கத் தேவையில்லாத சலுகைகள். ஆக, கேரக்டர்களுக்கு இடையிலிருந்த இடைவெளியில் ஒரு பங்கு ஆடுபவர்களின் தயாரிப்பில் இருந்த இடைவெளி. பேட்டில் மாஸ்டராக (சண்டை வித்தைகள் கொண்ட ஃபைட்டர் வகை) மாறிக்கொள்ளலாம் என்று கேம் மாஸ்டர் சொன்னதும் ஃபைட்டர் ஆடுபவர் ஒத்துக்கொண்டார். லெவல் 7-இல் ஐந்து டி8, ஐந்து வித்தைகள், ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பும். ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்பதே அவருக்குப் போதுமான மாற்றமாக இருந்தது.

காலண்டரில் கை வைத்ததுதான் கடினமான பேரம். அதே கையேட்டில் கிரிட்டி ரியலிசம் என்று ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். இவர்கள் கதையில் எதிரிகள் துரத்திக்கொண்டிருந்தார்கள், ஏழு நாள் படுத்துத் தூங்கினால் கதை செத்துவிடும். அதனால் நடுவழி ஒன்று எடுத்தார்கள். லாங் ரெஸ்ட் பாதுகாப்பான ஊரிலோ கோட்டையிலோ மட்டும். வெளியில் ஓர் இரவுத் தூக்கம் ஷார்ட் ரெஸ்ட்டுக்குச் சமம். டைனி ஹட் மழையையும் ஓநாயையும் தடுக்கும், ஸ்லாட்டைத் திருப்பித் தராது. விசார்ட் ஆடுபவர் சம்மதித்தார், ஒரு நியாயமான நிபந்தனையோடு: மேஜ் ஆர்மர் என்ற தற்காப்பு ஸ்பெல் எட்டு மணி நேரம்தான் நிற்கும், லாங் ரெஸ்ட்டுக்கு நடுவே பல நாள் போனால் அதற்கே ஸ்லாட் தீர்ந்துவிடும். ஆகவே அது அடுத்த லாங் ரெஸ்ட் வரை நிற்கும் என்று மாற்றினார்கள். ரெஸ்ட் விதியை நீட்டும் பல மேசைகள் இதை மறந்துவிடுகின்றன, பிறகு விசார்ட் முறைக்கிறார் என்று ஆச்சரியப்படுகின்றன.

டைஸ் விஷயத்துக்கு ஓர் எளிய வழக்கம் வைத்தார்கள். ஒரு கேரக்டரின் தொழிலுக்குள் அடங்கும் காரியம், அவசரமோ எதிர்ப்போ இல்லாவிட்டால், டைஸ் இல்லாமலே நடக்கும். தளபதி சுவர் ஏறினால் ஏறிவிட்டார். ரோக் சாதாரணப் பூட்டைத் தொட்டால் திறந்தது. கூடவே, விதியில் ஏற்கெனவே இருக்கும் விலையை வசூலிக்கத் தொடங்கினார்கள். நாக் போட்டால் எழும் சத்தம் 300 அடிக்குக் கேட்கும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த மேசையில் அதுவரை ஒரு காவலன்கூட அதைக் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கியதும் ரோக்கின் கம்பிக்கு மறுவாழ்வு வந்தது. 2024-இன் திருத்திய விதிகளில் ஃபைட்டருக்கு டாக்டிகல் மைண்ட் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: எபிலிட்டி செக்கில் (திறமையைச் சோதிக்கும் டைஸில்) தோற்றால் ஒரு செகண்ட் விண்டைச் செலவழித்து டி10 சேர்க்கலாம், அப்போதும் தோற்றால் செலவு கணக்கில் வராது. அதையும் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஃபயர்பாலை யாரும் தொடவில்லை.

கோட்டை

மாற்றங்களுக்குப் பிறகு வந்த பெரிய கட்டம் ஒரு முற்றுகை. எல்லைக் கோட்டை ஒன்றைப் படை வரும்வரை காக்கவேண்டும். பழைய விதிகளில் ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் ஆட்களைத் திரட்டிக் கோட்டைத் தலைவனாவார். கேம் மாஸ்டர் அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, சிதறிக் கிடந்த காவலர்களைத் தளபதியிடம் ஒப்படைத்தார். சிக்கல்களையும் வரிசையாக வைக்காமல் ஒரே நேரத்தில் வைத்தார்: வடக்கு வாயிலில் ஏணிகள், கிணற்றில் விஷம், உள்ளே ஒரு துரோகி. விசார்டால் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், கான்சென்ட்ரேஷன் (இடைவிடாத கவனம்) வேண்டிய ஸ்பெல் ஒன்றைத்தான் தாங்க முடியும். ஒருவரிடமே எல்லா விடையும் இருப்பதை இந்த ஏற்பாடு தடுக்கவில்லை. அவர் போகாத இடங்களுக்கு மற்றவர்கள் போயே ஆகவேண்டியிருந்தது.

ஃபைட்டர் ஆடுபவர் ஒரு தாளில் கோட்டைச் சுவரை வரைந்து காவலர்களை நிறுத்தத் தொடங்கினார். விசார்ட் ஆடுபவர் அவரிடம், "தளபதி, எனக்கு மூன்றாம் நிலையில் ஒரு ஸ்லாட்தான் இருக்கு. எங்கே வேணும்?" என்று கேட்டார். ஸ்பெல் அதேதான், ஃபயர்பால்தான், விசார்ட்தான் போட்டார். ஆனால் நோட்டின் இரண்டாவது பத்தியில் அந்த வரி தளபதி பெயரில் போனது. ரோக் துரோகியைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், அவனாகவே வேஷம் போட்டு எதிரி முகாமுக்குப் போய்வந்தார். மாற்றத்தால் அதிகம் மலர்ந்தவர் அவர்தான் என்பேன். கேட்காதவருக்கு அதிகம் கிடைத்தது.

அடி வாங்கியவரும் உண்டு. புதிய ரெஸ்ட் விதி கிளெரிக்கைத்தான் மிக மோசமாகப் பாதித்தது, அதை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அவருடைய ஸ்லாட்களும் லாங் ரெஸ்ட்டில்தான் திரும்பும். மோதல்கள் கூடக் கூட ஒவ்வொரு ஸ்லாட்டும் மருத்துவத்துக்கே போனது, அவர் ஆசையாகத் தயார் செய்த ஸ்பெல்கள் புத்தகத்திலேயே தூங்கின. விசார்டுக்குச் சிக்கனம் ஒரு புதிர் மாதிரி சுவாரசியமாக இருந்தது, கிளெரிக்குக்கு அது வெறும் பற்றாக்குறை. ஹீலிங் போஷன்கள் கிடைப்பதை அதிகமாக்கி, ஷார்ட் ரெஸ்ட்டில் ஹிட் டைஸை (உயிர்ப்புள்ளியை மீட்க உருட்டும் டைஸை) தாராளமாகச் செலவழிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்து ஓரளவு சரி செய்தார்கள். முழுதாகச் சரியானது என்று சொல்லமாட்டேன்.

விசார்ட் இன்னும் பலசாலிதான். லெவல் 9-இல் ஐந்தாம் நிலை ஸ்பெல்கள் வருகின்றன. வால் ஆஃப் ஃபோர்ஸ் ஒன்று போதும், ஒரு சண்டையை நடுவில் வெட்டிப் பாதி எதிரிகளை வெளியே நிறுத்திவிடலாம். லெவல் 13-இல் டெலிபோர்ட் வந்தால், பயணத்தை நம்பிப் போட்ட ரெஸ்ட் விதி பொருளற்றுப் போகும், ஏனென்றால் பாதுகாப்பான ஊர் எப்போதும் ஒரு ஸ்பெல் தூரத்தில் இருக்கும். அதனால் லெவல் 11-இலேயே இந்தக் கேம்பெய்னை முடித்துக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது.

அடுத்த கேம்பெய்னுக்கு 27 புள்ளிகளைப் பங்கிட்டு எபிலிட்டி எண்களை எடுக்கலாம், எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கும் என்று கேம் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். ஒரே ஓர் எதிர்ப்பு வந்தது, ஃபைட்டர் ஆடுபவரிடமிருந்து. அவருக்கு டைஸ்தான் உருட்ட வேண்டுமாம்.